படத்தில் வந்த வண்டியை மதுரை ரோட்டில் ஓட்ட என்ன வேண்டும்?

மதுரையில் எந்த டிங்கரிங் பட்டறைக்குப் போய்க் கைபேசியில் ஒரு சினிமா வண்டியின் படத்தைக் காட்டினாலும், "அதுக்கென்னண்ணே, செஞ்சிரலாம்" என்றுதான் பதில் வரும். அது வாய்ப்பேச்சு இல்லை. கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளைச் சுற்றியும் ஊருக்குள் சந்து சந்தாகவும் லேத், தகடு வளைப்பு, வெல்டிங், பைபர், பெயின்டிங் என்று ஒரு வண்டியை அடியிலிருந்து உருவாக்கத் தேவையான கைகள் எல்லாமே இருக்கின்றன. 1912இல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் பேருந்து ஓட்டத் தொடங்கிய ஊர் இது. வண்டி வேலை இந்த ஊரின் ரத்தத்தில் ஊறி நூறு வருஷத்துக்கு மேலாகிறது.

ஆனால் செய்த வண்டி பட்டறை வாசலைத் தாண்டி, நம்பர் பிளேட்டோடும் காப்பீட்டோடும் ரிங் ரோட்டில் ஓட வேண்டும் என்றால் கேள்வியே மாறிவிடுகிறது. ஆசையோடு லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய வண்டி, எஃப்சி (தகுதிச் சான்று) காட்டப் போன இடத்தில் நின்றுபோவதற்குக் காரணம் வேலையில் குறை என்பதில்லை. போஸ்டரைப் பார்த்து வேலையைத் தொடங்கியதுதான் காரணம். சாலையில் ஓட வேண்டிய சினிமா வண்டியை ஆர்சி என்ற பதிவுச் சான்று அட்டையிலிருந்து தொடங்கிக் கட்ட வேண்டும். எந்த வண்டியைத் தேர்ந்தெடுப்பது, எதை வெட்டுவது, எதைத் தொடவே கூடாது என்ற எல்லாவற்றையும் அந்தச் சிறிய அட்டைதான் முடிவு செய்கிறது.

முதலில் சினிமா வண்டி என்றால் என்ன என்று தெளிவாகிவிட வேண்டும். திரையில் நாம் பார்க்கும் ஒரு வண்டி, படப்பிடிப்பில் பெரும்பாலும் பல வண்டிகள். 1985இல் வந்த 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தின் கால இயந்திரக் காருக்கு டெலோரியன் கார்கள் சிலவற்றைப் பயன்படுத்தினார்கள். நெருக்கத்தில் காட்ட நுணுக்கமாக அலங்கரித்தது ஒன்று, சாகசக் காட்சிக்கு ஒன்று, உள்ளே கேமரா வைக்க வசதியாக வெட்டியது ஒன்று. அந்த டெலோரியனே 1981 முதல் 1983 வரை வடக்கு அயர்லாந்தில் சுமார் 9,000 மட்டும் தயாரான, துருப்பிடிக்காத எஃகுத் தகடு போர்த்திய நிஜக் கார். 1966இன் 'பேட்மேன்' தொலைக்காட்சித் தொடரில் நாயகன் ஓட்டிய பேட்மொபைலும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1955இல் கண்காட்சிக்காகச் செய்த லிங்கன் ஃப்யூச்சுரா என்ற காரை வாங்கி ஜார்ஜ் பாரிஸ் என்ற கார் வடிவமைப்பாளர் மாற்றியமைத்ததுதான் அது. 2013இல் ஏலத்தில் 46 லட்சம் டாலருக்கு விலைபோனது.

ஆக, ஹாலிவுட்டிலும் ஏற்கெனவே இருந்த ஒரு வண்டியின் மேல்தான் கற்பனை ஏறி உட்கார்கிறது. அடியில் எந்த வண்டி என்பதுதான் முதல் முடிவு. அங்கே அந்த முடிவைக் கதையும் பட்ஜெட்டும் எடுக்கின்றன. இங்கே சட்டம் எடுக்கிறது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆவது பிரிவு இதைப் பற்றியது. தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களுக்கும் ஆர்சியில் உள்ள விவரங்களுக்கும் முரண்பாடு வரும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். இதற்கு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் கொடுத்த விளக்கம் மிகக் கறாரானது. கேரள உயர் நீதிமன்றம் கொஞ்சம் தளர்வாகப் பார்த்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நிறம் மாற்றலாம், சின்னச் சின்னப் பொருத்துதல்கள் செய்யலாம். வண்டியின் கட்டமைப்பைத் தயாரிப்பாளரின் அளவுகளிலிருந்து மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தத்தில் 182-ஏ பிரிவின் கீழ் தண்டனையும் வந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். ஒரு சினிமா வண்டியில் எத்தனை மாற்றம் இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் கணக்கு புரியும்.

"மாற்றத்தானே கூடாது, புதிதாகவே ஒரு வண்டி செய்துவிடுகிறேன்" என்றால் அந்தக் கதவு இன்னும் கனமானது. புதிய வண்டி எதுவானாலும் அதன் மாதிரியை அரசு அங்கீகரித்த சோதனை மையத்தில் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். புனேயில் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகாட் என்று அப்படிச் சில மையங்கள் இருக்கின்றன; நம் மாநிலத்திலேயே ஒரகடத்தில் ஒன்று இருக்கிறது. பிரேக், விளக்கு, புகை, சத்தம், இருக்கை, பெல்ட் என்று தனித்தனியாகச் சோதிப்பார்கள். ஆயிரக்கணக்கில் விற்கப்போகும் கம்பெனிக்கு அந்தச் செலவு வண்டிகளுக்கு இடையே பிரிந்து கரைந்துவிடும். ஒரே ஒரு வண்டி செய்கிறவருக்கு வண்டியின் விலையை அதுவே விழுங்கிவிடும்.

மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் ஒரு கொல்லர், பழைய உதிரி பாகங்களை வைத்துத் தன் மகனுக்காக உதைத்து ஸ்டார்ட் செய்கிற குட்டி ஜீப் ஒன்றைக் கட்டியது 2021 டிசம்பரில் நாடு முழுக்கப் பரவியது. ஆனந்த் மகிந்திரா அதைப் புகழ்ந்தார்; விதிகளின்படி அது ரோட்டில் ஓட முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னார்; பதிலுக்கு ஒரு பொலேரோவைக் கொடுத்து அந்த வண்டியை வாங்கிக்கொண்டார். அந்த மனிதரின் கைத்திறனில் யாருக்கும் சந்தேகமில்லை. அதைப் பதிவு செய்ய நம் சட்டத்தில் ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

வேறு நாடுகளில் அந்தக் கட்டம் இருக்கிறது. பிரிட்டனில் தனி ஆள் வீட்டில் கட்டிய ஒற்றை வண்டியையும் சோதித்துச் சான்று கொடுக்கத் தனி முறை உண்டு. கலிஃபோர்னியாவில் கையால் கட்டிய வண்டிகளுக்கு ஆண்டுக்கு 500 பதிவுகளை ஒதுக்கி, முந்தி வருகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அமெரிக்க மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, குறைந்தது 25 ஆண்டு பழைய காரைப் போலவே இருக்கும் நகல் கார்களை ஒரு சிறு நிறுவனம் ஆண்டுக்கு 325 வரை செய்து விற்கலாம். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படியே செய்யலாம் என்று நினைக்கிறவர்கள் தவறவிடுவது இந்த ஒரு வேறுபாட்டைத்தான். இந்தியாவிலும் ஆண்டுக்குச் சில நூறு வண்டிகளுக்காவது இப்படி ஒரு வழி திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சாலைப் பாதுகாப்பு கெட்டுவிடும் என்ற பயத்துக்கு இதில் இடமில்லை. ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாகச் சோதித்துவிட்டுத்தானே விடப்போகிறோம்? இன்று அப்படிச் சோதிக்காமலே எத்தனையோ வண்டிகள் திருட்டுத்தனமாக மாற்றப்பட்டு ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்தக் கதவு திறக்கும்வரை என்ன செய்யலாம்? நிறையச் செய்யலாம். ஏனென்றால் நம் சினிமாவின் நினைவில் நிற்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் சாதாரண வண்டிகள்தான். அம்பாசடர், பத்மினி, ஜீப், புல்லட், ராஜ்தூத், யெஸ்டி. 1973இல் 'பாபி' படத்தில் வந்த பிறகு ராஜ்தூத் ஜிடிஎஸ் 175 என்ற குட்டை பைக்குக்கு 'பாபி' என்றே பெயர் நிலைத்தது. இவற்றில் படத்தில் வந்த அதே மாடலைத் தேடி வாங்கி, படத்தில் இருந்த தோற்றத்துக்குக் கொண்டுவந்தால் கட்டமைப்பு எதுவும் மாறுவதில்லை. அசல் அளவு, அசல் எஞ்சின், அசல் சேசிஸ் (அடிச்சட்டம்). மாறுவது நிறம், கிரில், பம்பர், வீல் கப், சீட் துணி.

அம்பாசடர் இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. 1957இல் தொடங்கி 2014 வரை உத்தர்பாராவில் தயாரானது. உடம்பின் வடிவம் பெரிதாக மாறவே இல்லை. முகம்தான் மார்க் 1, மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று மாறிக்கொண்டே வந்தது. எந்த ஆண்டில் வந்த படம் என்று பார்த்து அந்த மார்க்கின் கிரில்லைத் தேடிப் பிடித்தாலே, பின்னாளில் வந்த காருக்கும் அறுபதுகளின் முகம் வந்துவிடும். போல்ட்டில் பூட்டுகிற பாகங்களோடு நிறுத்திக்கொள்ளலாம், வெட்டிப் பற்றவைக்க வேண்டியதில்லை. கூர்ந்து பார்க்கும் ரசிகர் முதலில் கண்டுபிடிக்கும் குறை கிரில்லில்தான் இருக்கும் என்பதால் அங்கே காசை மிச்சம் பிடிக்கக் கூடாது.

உண்மையிலேயே 50 ஆண்டு தாண்டிய வண்டி கிடைத்தால் 2021இல் வந்த விண்டேஜ் விதிகளின் கீழ் 'விஏ' வரிசையில் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குப் பிறகு புதுப்பிக்க 5,000. ஆனால் சேசிஸிலோ உடம்பிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. தினமும் ஓட்டுவதுதான் ஆசை என்றால் சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

ஜீப்புக்கு வருவோம். மதுரைச் சுற்று வட்டாரத்துக்கு இயல்பாகவே ஒட்டும் சினிமா வண்டி அதுதான். போடி, கம்பம் பக்கம் அதிகாலையில் ஏலத்தோட்டத் தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு மலை ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு, அந்த வண்டியை இங்கே எவ்வளவு ஆழமாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பது புரியும். பட்டை ஸ்பிரிங், கியர் பாக்ஸ், ஃபோர் வீல் எல்லாவற்றுக்கும் அந்த ஊர்களில் ஆள் உண்டு. கிராமத்துப் படங்களில் பண்ணையாரும் மில் முதலாளியும் இன்ஸ்பெக்டரும் வந்து இறங்கிய மகிந்திரா ஜீப்பை அச்சு அசலாகக் கொண்டுவர இதைவிட நல்ல வட்டாரம் கிடைக்காது.

கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் ஜீப்பில்தான் அதிகம். ராணுவ ஜீப் என்றால் எல்லோருக்கும் அந்த ஆலிவ் பச்சைதான் வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 121இன்படி பாதுகாப்புத் துறை வண்டியைத் தவிர வேறு எதற்கும் அந்த நிறம் அடிக்கக் கூடாது. நம் பெயின்ட் கடைக்காரர் கலந்து கொடுத்துவிடுவார். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். மணல் நிறமோ வேறு பச்சையோ தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டியதுதான். போலீஸ் ஜீப் என்றால் மேலே சுழலும் விளக்கும், சைரனும், 'காவல்' என்ற எழுத்தும் வேண்டும் என்பார்கள். மூன்றும் கூடாது. படத்தில் வந்த நம்பரையே பிளேட்டில் எழுதவும் முடியாது. உங்கள் நிஜப் பதிவெண்தான் இருக்க வேண்டும். பல ராகம் பாடும் ஏர்ஹாரன் தடை செய்யப்பட்டது. கார் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை 2012இலேயே உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது. முன்னால் முரட்டுக் கம்பியில் செய்யும் புல் பாருக்கு 2017 டிசம்பரில் மத்திய அரசு தடை சொன்னது. ஆசைப்படும் பொருள்களில் பாதி இந்த ஒரு பத்தியிலேயே போய்விட்டது என்று தோன்றும். ஆனால் விளக்கு, எழுத்து, ஹாரன் எல்லாம் காந்தத்தாலும் போல்ட்டாலும் கழற்றிப் பூட்டும் பாகங்களாகச் செய்துகொண்டால், தனியார் வளாகத்தில் படம் எடுக்கும்போது மாட்டிக்கொள்ளலாம். ரோட்டுக்கு வரும்போது சுத்தமான ஜீப்பாக வரலாம்.

ஹரியானாவின் மண்டி டப்வாலி, பஞ்சாபின் மோகா பக்கம் அழகழகான ஜீப்புகளைக் கட்டி விற்கிறார்கள். ஆசைப்பட்டு வாங்குமுன், சேசிஸில் அடித்திருக்கும் நம்பரும் ஆர்சியில் உள்ள நம்பரும் ஒன்றா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். வேறு ஒரு பழைய ஜீப்பின் ஆர்சியில் புதிதாகக் கட்டிய உடம்பு ஓடினால், அதைப் பிறகு எந்த அலுவலகத்திலும் நேராக்க முடியாது. இதே காரணத்துக்காகத்தான் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் சேசிஸை வைத்துத் தொடங்காதீர்கள் என்று சொல்கிறேன். ஆர்சியில் 'பாடி டைப்' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். துணிக்கூரை என்று இருந்தால் இரும்புக்கூரை போடுவது ஒரு மாற்றம்.

எனக்கு மிகவும் பிடித்த வழி சைடு கார். காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. மோட்டார் சைக்கிள் என்றால் என்ன என்று 1988 சட்டம் விளக்கும்போது, கழற்றி மாட்டக்கூடிய, கூடுதலாக ஒரு சக்கரம் உள்ள சைடு காரையும் உள்ளடக்கிய இரு சக்கர வண்டி என்றே சொல்கிறது. சினிமா வண்டிகளிலேயே நாட்டில் பெரும் புகழ் பெற்ற ஒன்று, 1975இல் வந்த 'ஷோலே' படத்தின் சைடு கார் பைக். அது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவத்துக்காகச் செய்த பிஎஸ்ஏ டபிள்யூஎம்20. அந்த பிஎஸ்ஏ கிடைப்பது அரிது. பழைய புல்லட் கிடைக்கும். முழு அளவில், கையால் கட்டி, சட்டத்தின் வரையறைக்கு உள்ளேயே நிற்கக்கூடிய சினிமா வண்டி என்று நம் பட்டறைகளுக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் காணவில்லை. அதற்காகக் கேட்காமல் பூட்டிக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. எடையும் இருக்கையும் கூடுவதால் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் ஒப்புதல் வாங்கி ஆர்சியில் பதியச் செய்துவிட வேண்டும்.

அளவு எடுப்பதில்தான் நகலின் உயிர் இருக்கிறது. படத்தை நிறுத்திப் பார்த்து வரையும்போது கேமரா லென்ஸ் ஏமாற்றும். தாழ்வாக, கிட்டத்தில், அகல லென்ஸில் எடுத்த காட்சியில் முன்சக்கரம் பூதாகரமாகவும் பின்பக்கம் சிறுத்தும் தெரியும். அதை நம்பி வெட்டினால் வண்டி விகாரமாகிவிடும். தூரத்திலிருந்து, டெலி லென்ஸில், முழுப் பக்கவாட்டில் தெரியும் காட்சியைத்தான் தேட வேண்டும். ஒரு படத்தில் அப்படி ஒன்றிரண்டு காட்சிகளே கிடைக்கும். அதில் உண்மை அளவு தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அம்பாசடர் என்றால் இரு அச்சுகளுக்கு இடையே 2,464 மில்லிமீட்டர். பைக் என்றால் டயரின் விட்டம். அதை வைத்து மற்ற எல்லாவற்றையும் விகிதம் போட்டுக் கணக்கிடலாம். பிறகு அந்தப் பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் ஃபிளெக்ஸில் அடித்துப் பட்டறைச் சுவரில் மாட்டிவிடலாம். மதுரையில் ஃபிளெக்ஸ் அடிக்க ஆளைத் தேட வேண்டியதில்லை. அந்த ஃபிளெக்ஸுக்கு எதிரே பைக்கை நிறுத்தி, அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்தால், கண்ணுக்குச் சரியில்லாதது உடனே உறுத்தும்.

சைடு காரின் கூடு பைபரில் செய்வதானால் முதலில் அதே வடிவத்தில் ஓர் உரு வேண்டும். தெர்மோகோலில் செதுக்குவது எளிது. ஆனால் பைபரை இறுக்கும் பிசினான பாலியஸ்டர் ரெசினை நேராக அதன் மேல் பூசினால் தெர்மோகோல் கரைந்துவிடும். மேலே பிளாஸ்டர் பூசி மூடிவிட்டுத்தான் ரெசின் வைக்க வேண்டும். திருப்பரங்குன்றம் பக்கத்தில் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வளைவைக் கண்ணால் அளந்து களிமண்ணில் கொண்டுவரும் திறமை அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. பெரிய கார் கம்பெனிகளிலும் புது மாடலின் முழு உருவத்தை இன்றும் களிமண்ணில்தான் செய்து பார்க்கிறார்கள். இந்த இரண்டு உலகமும் ஒன்றையொன்று சந்திக்காமலே இருப்பது எனக்கு ஆதங்கம்.

மதுரை வெயிலும் இந்த வேலையில் ஒரு ஆள். சூட்டில் ரெசின் வேகமாக இறுகும். சித்திரை மாத மத்தியானத்தில் கலந்தால், பைபர் விரிப்பைப் பரப்பி உருளை ஓட்டி முடிப்பதற்குள் டப்பாவிலேயே கட்டியாகிவிடும். காலையில் வெயில் ஏறுமுன் வேலையை வைத்துக்கொண்டு, ஹார்டனரை அளவாகச் சேர்க்க வேண்டும். எடையையும் சொல்லிவிடுகிறேன். 20 கேஜ் இரும்புத் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 7 கிலோ. 3 மில்லிமீட்டர் பைபர் 5 கிலோவுக்குள் அடங்கும். பழைய புல்லட்டின் சக்திக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு.

கூட்டைவிட முக்கியம் அடிச்சட்டமும் அதைப் பைக்கோடு பிணைக்கும் கோணங்களும். வழக்கமாக நான்கு இடத்தில் பிடிப்பு கொடுப்பார்கள். சைடு கார் சக்கரம் பைக்கின் பின்சக்கரத்துக்கு நேராக இருக்காது. சற்று முன்னால் தள்ளி இருக்கும். அந்தச் சக்கரம் முன்பக்கம் பைக்கை நோக்கி மிகச் சிறிய அளவில் உள்வாங்கி இருக்கும். பைக் சைடு காருக்கு எதிர்ப்பக்கமாக ஒரு துளி சாய்ந்து நிற்கும். இந்த மூன்றும் சரியாக அமையாத வண்டி நேர்ச் சாலையிலேயே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவரின் தோள்பட்டை போய்விடும். நம் ஊரில் சைடு கார் இடப்பக்கம் இருக்கும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். பைக் பிரேக்கை அழுத்தினால் வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். வேகமாக இடப்பக்கம் வளைத்தால் சைடு கார் சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். இரு சக்கர வண்டியில் எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் இது புதிய வண்டி. ஆள் இல்லாத மைதானத்தில், சைடு காரில் மணல் மூட்டையை வைத்துப் பழகிய பிறகுதான் கோரிப்பாளையம் பக்கம் கொண்டுவர வேண்டும். சைடு கார் சக்கரத்துக்கும் பிரேக் வைப்பது கூடுதல் செலவு என்றாலும் அதைத் தவிர்க்கவே கூடாது என்பேன்.

லாரி, பஸ் ஆகியவற்றுக்கு வேறு ஒரு வழி உண்டு. நம் நாட்டில் பட்டறையில் உடம்பு கட்டுவதைச் சட்டம் இயல்பாக ஏற்றுக்கொள்ளும் இடம் அது. கம்பெனி சேசிஸை மட்டும் விற்கும். பாடி கட்டுகிறவர் மேலே கட்டுவார். சேசிஸ் தயாரிப்பாளரும் பாடி கட்டியவரும் ஆளுக்கொரு பாதியை உறுதி செய்யும் 22-ஏ படிவத்தோடு பதிவுக்கு வரும். கரூரின் பஸ் பாடியும் நாமக்கல்லின் லாரி பாடியும் இப்படித்தான் வளர்ந்தன. இதற்கும் இன்று பஸ்ஸுக்கு ஏஐஎஸ் 052, லாரிக்கு ஏஐஎஸ் 093 என்று தரவிதிகள் வந்துவிட்டன. அங்கீகாரம் பெற்றவர்தான் கட்ட முடியும். ஆகவே ஒரு படத்தில் வந்த பழைய லாரியையோ பஸ்ஸையோ கொண்டுவர நினைப்பவர், உள்ளூர்ப் பட்டறையோடு நிற்காமல் அப்படி அங்கீகாரம் பெற்ற பாடி பில்டரிடம் வரைபடத்தோடு போக வேண்டும்.

இனி, ரோட்டுக்கு வரவே முடியாத வண்டிகள். நம் விதிகளில் வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 2005இல் வந்த பேட்மேன் படத்தின் டம்ளர் என்ற கறுப்பு வண்டி ஏறக்குறைய 2.8 மீட்டர் அகலம். 2024இல் 'கல்கி 2898 ஏடி' படத்துக்காக மகிந்திராவும் கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து கட்டிய புஜ்ஜி, 3.3 மீட்டருக்கும் மேல் அகலம், ஏறத்தாழ 6 டன் எடை, முன்னால் இரண்டு பின்னால் ஒன்று என்று மூன்று சக்கரம், மின்சார மோட்டார். நம் மாநிலத்துக் கைகள் கட்டிய வண்டி என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதை ஊர் ஊராகக் காட்டியது கண்காட்சியாக. யாரும் அதில் வேலைக்குப் போய்வரவில்லை. இப்படிப்பட்ட வடிவத்தின் மேல் ஆசை இருந்தால், முழுவதுமாக மூடிய வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்றே கட்டலாம். சட்டம் அதை மோட்டார் வாகனமாகவே கருதாது. கல்யாண மண்டபத்துக்கோ படப்பிடிப்புக்கோ லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கலாம். பதிவுள்ள ஒரு காரை வெட்டி இப்படி ஆக்குவதுதான் மிக மோசமான முடிவு. காரும் போய்விடும், நகலும் ரோட்டுக்கு வராது.

ஒன்று செய்தது நன்றாக அமைந்தால், அடுத்தவர் வந்து தனக்கும் ஒன்று கேட்பார். அங்கே காப்புரிமை (காப்பிரைட்) குறுக்கே வரும். அமெரிக்காவில் பேட்மொபைல் நகல்களைச் செய்து விற்ற மார்க் டவ்ல் என்பவருக்கு எதிராக 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த வண்டியே ஒரு கதாபாத்திரம், அதற்கும் காப்புரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அது அந்த நாட்டுத் தீர்ப்பு. ஆனாலும் கற்பனையாக உருவாக்கிய வண்டியை இங்கே விற்கவோ வாடகைக்கு விடவோ நினைப்பவர் படத் தயாரிப்பு நிறுவனத்திடம் அனுமதி கேட்பதுதான் முறை. சாதாரண அம்பாசடரையும் ஜீப்பையும் படத்தில் வந்த நிறத்தில் வைத்திருப்பதில் இந்தச் சிக்கல் பெரிதாக எழாது.

வேலையின் வரிசையைத்தான் பலர் தலைகீழாகப் போடுகிறார்கள். முதலில் வண்டியை வாங்குமுன் அதன் ஆர்சி நிலையை, வரி நிலுவையை, ஹைப்பாத்திகேஷன் எனப்படும் கடன் பிணையைப் பார்க்க வேண்டும். 15 ஆண்டு தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய், பைக்குக்கு 1,000. மிகப் பழைய வண்டிகளுக்கு அதற்குப் பிறகு இன்னும் ஏற்றியிருக்கிறார்கள். இதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மதுரையில் முகவரியைப் பொறுத்து டிஎன் 58, 59, 64 என்ற மூன்றில் ஒரு அலுவலகம் உங்களுடையது. என்னென்ன மாறப்போகிறது என்று ஒரு தாளில் எழுதி, முன்னும் பின்னும் பக்கவாட்டுமாக வரைந்து, மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டிக் கருத்து கேட்டுவிட்டு விண்ணப்பத்தைப் போட வேண்டும். நிறம் மாறினால் அதுவும் ஆர்சியில் ஏற வேண்டும். அது ஏறிய பிறகு காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, மாற்றங்களை பாலிசியில் சேர்த்ததற்கான பதிலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சொல்லாமல் விட்ட ஒரு மாற்றத்தைக் காட்டி, விபத்துக்குப் பிறகு இழப்பீட்டை மறுத்துவிட முடியும். இந்தத் தாள்கள் கைக்கு வந்த பிறகு பட்டறைக்காரரிடம் வண்டியை விடுங்கள். கிரைண்டரை அவர் அதற்கப்புறம் எடுக்கட்டும்.